பைத்தானில் கால அளவுக் கணக்கு: டைம்டெல்டாவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராத்திரி 10 மணிக்கு ஷிப்ட் ஏறியவர் காலை 6:30-க்கு இறங்குகிறார். எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார்? சூப்பர்வைசரைக் கேட்டால் யோசிக்காமல் "எட்டரை" என்பார். பைத்தானிடம் ஒரே தேதியைப் போட்டு 6:30-இலிருந்து 22:00-ஐக் கழிக்கச் சொன்னால் "-1 டே, 8:30:00" என்று பதில் வரும். இது சரியா, தப்பா என்பதே பார்த்தவுடன் புரியாது.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே வேலையைத்தான் செய்யப் போகிறோம். ஒரு பனியன் கம்பெனியின் வருகைப் பதிவை எடுத்து, வேலை நேரம், ஓவர்டைம், வார மொத்தம் ஆகியவற்றைக் கணக்கிடுகிறோம். பைத்தான் 3.9 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு போதும். நிரல் வரிகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது பைத்தானின் சொந்தப் பெயர்களை அதன் எழுத்திலேயே அடியுங்கள். மாறிகளின் பெயரை மட்டும் இப்படியே தமிழில் வைத்துக்கொள்ளலாம். பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும், பலருக்கு இது தெரியாது.

முதலில், எது எதற்கு

டேட்டைம் என்ற தொகுப்புக்குள் நமக்குத் தேவையானவை மூன்று. டேட்டைம் என்பது ஒரு தேதியில் ஒரு குறிப்பிட்ட கணம். டைம் என்பது கடிகாரம் காட்டும் நேரம் மட்டும், அதற்குத் தேதி கிடையாது. டைம்டெல்டா என்பது கால அளவு, அதாவது இரண்டு கணங்களுக்கு நடுவே உள்ள நீளம்.

இரண்டு டைம்களைக் கழிக்க முயன்றால் டைப்எரர், அதாவது வகை பொருந்தவில்லை என்ற பிழை வரும். இது பைத்தானின் குறை என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. என்னைக் கேட்டால் அது செய்வதுதான் நியாயம். 6:30-க்கும் 22:00-க்கும் நடுவே எவ்வளவு நேரம் என்பதற்கு, எந்த நாளின் 6:30 என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. ஆகவே வருகைப் பதிவில் உள்நுழைவு, வெளியேற்றம் இரண்டுக்கும் தேதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் நிரலைத் தொடுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

படி 1: கால அளவை உருவாக்குதல்

ஷிப்ட் = டைம்டெல்டா(ஹவர்ஸ்=8)
இடைவேளை = டைம்டெல்டா(மினிட்ஸ்=45)

அலகின் பெயரை எழுதாமல் டைம்டெல்டா(8) என்று விட்டால் 8 மணி நேரம் வராது, 8 நாள் வரும். டைம்டெல்டா(0, 90) என்றால் 90 நொடி. பெயரில்லாமல் கொடுக்கும் எண்களைப் பைத்தான் நாள், நொடி, மைக்ரோநொடி, மில்லிநொடி, நிமிடம், மணி, வாரம் என்ற விசித்திர வரிசையில் எடுத்துக்கொள்கிறது. இதை மனப்பாடம் செய்ய வேண்டாம், எப்போதும் அலகின் பெயரோடு எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த வரியைப் படிக்கும் ஆளுக்கும் அதுதான் உதவி.

படி 2: உள்ளே என்ன இருக்கிறது

நீங்கள் வாரமாகக் கொடுத்தாலும் மணியாகக் கொடுத்தாலும், டைம்டெல்டா உள்ளே மூன்றே எண்களைத்தான் வைத்துக்கொள்கிறது: டேஸ், செகண்ட்ஸ், மைக்ரோசெகண்ட்ஸ். 30 மணி நேரம் என்று கொடுத்தால் 1 நாளும் 21600 நொடியும் ஆகிவிடும். ஹவர்ஸ் என்று கேட்டு எடுக்க முடியாது, அப்படி ஒரு பண்பே அதில் இல்லை.

மூன்றும் முழு எண்கள் என்பது முக்கியம். பத்தில் ஒரு நொடியைத் தசமப் புள்ளியுள்ள மிதவை எண்ணாக ஒவ்வொன்றாகப் பத்து முறை கூட்டிப் பாருங்கள், 1 வராது, 0.9999999999999999 வரும். டைம்டெல்டா(செகண்ட்ஸ்=0.1) என்பதைப் பத்தால் பெருக்கினால் சரியாக ஒரு நொடி வரும், ஏனென்றால் அது 100000 மைக்ரோநொடி என்ற முழு எண்ணாகவே இருக்கிறது. இந்த வித்தியாசம் உயிரைப் பறித்ததும் உண்டு. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, பாய்ந்து வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. அதன் கடிகாரம் பத்தில் ஒரு நொடிகளாக எண்ணிக்கொண்டிருந்தது. 0.1 என்பதை 24 பிட்டில் துல்லியமாக எழுத முடியாது. சுமார் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் பிழை கூடிக்கூடி ஏறத்தாழ 0.34 நொடியாகிவிட்டிருந்தது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள்.

சம்பளக் கணக்கில் அந்த அளவு ஆபத்தில்லை என்றாலும் பாடம் ஒன்றுதான். கால அளவை 8.5 போன்ற மிதவை எண்ணாகக் கையில் வைத்துக்கொண்டு கூட்டிக் கழிக்காதீர்கள். கடைசிவரை டைம்டெல்டாவாகவே வைத்திருந்து, வெளியே எழுதும்போது மட்டும் எண்ணாக மாற்றுங்கள்.

படி 3: மைனஸ் ஒரு நாள்

இப்போது அந்த விசித்திரப் பதிலுக்கு வருவோம். உள்ளே இருக்கும் மூன்று எண்களில் செகண்ட்ஸ் எப்போதும் 0 முதல் 86399 வரைதான் இருக்க வேண்டும், மைக்ரோசெகண்ட்ஸும் குறை எண்ணாகக் கூடாது என்பது பைத்தானின் விதி. குறை எண்ணைச் சுமக்கும் பொறுப்பு டேஸுக்கு மட்டும். ஆகவே மைனஸ் பதினைந்தரை மணி என்பது "மைனஸ் 1 நாள், பிளஸ் எட்டரை மணி" என்று எழுதப்படுகிறது. கூட்டிப் பாருங்கள்: −24 + 8.5 = −15.5. கணக்கு சரி, தோற்றம்தான் மிரட்டுகிறது.

இதற்குள் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. இந்தப் பதிலிலிருந்து செகண்ட்ஸ் பண்பை மட்டும் எடுத்தால் 30600 கிடைக்கும். 3600-ஆல் வகுத்தால் எட்டரை. அதாவது நாம் எதிர்பார்த்த அதே விடை! தேதியே போடாமல், டேஸைத் தூக்கியெறிந்துவிட்டு, செகண்ட்ஸை மட்டும் வைத்து எழுதிய நிரல் பகல் ஷிப்டுக்கும் சரியாக வரும், ராத்திரி ஷிப்டுக்கும் சரியாக வரும். சோதித்துப் பார்த்தவர் திருப்தியோடு வீட்டுக்குப் போய்விடுவார். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கடியில் ஒருவர் காலை 8 மணிக்கு ஏறி மறுநாள் காலை 10-க்கு இறங்கும்வரை எல்லாம் நன்றாகவே போகும். அவர் உழைத்தது 26 மணி நேரம், நிரல் சொல்வது 2 மணி நேரம். யாரும் திட்டமிடாமலே 24 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையைச் சுழியாக்கும் கருவி ஒன்றைச் செய்துவைத்திருக்கிறோம்.

தீர்வு எளிது. முழு நீளமும் வேண்டுமென்றால் டோட்டல்_செகண்ட்ஸ்() என்ற செயற்கூறைக் கூப்பிடுங்கள். இது பைத்தான் 2.7-லும் 3.2-லும் வந்தது, அதற்கு முந்தைய நிரல்களில் இருக்காது. பழைய நிரலைக் கையில் எடுத்தால் முதல் வேலையாக ".செகண்ட்ஸ்" எங்கெங்கே இருக்கிறது என்று தேடுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு இடமும் சந்தேகத்துக்குரியதே.

படி 4: கூட்டல், பெருக்கல், வகுத்தல்

திருப்பூர்ப் பக்கம் 12 மணி நேர வேலையை "ஒன்றரை ஷிப்ட்" என்பார்கள். டைம்டெல்டாவுக்கும் அந்தப் பேச்சு புரியும்:

ஒன்றரை = ஷிப்ட் * 1.5

விடை 12 மணி நேரம். ஓவர்டைமுக்கு:

வேலை = வெளியேற்றம் - உள்நுழைவு - இடைவேளை
ஓவர்டைம் = மேக்ஸ்(வேலை - ஷிப்ட், டைம்டெல்டா(0))

சீக்கிரமே கிளம்பியவருக்கு ஓவர்டைம் குறை எண்ணாகக் கூடாது என்பதற்காகத்தான், இரண்டில் பெரியதை எடுக்கும் மேக்ஸ். அங்கே வெறும் 0 போட்டால் டைப்எரர் வரும், ஏனென்றால் கால அளவையும் சாதாரண எண்ணையும் பெரிது சிறிது என்று ஒப்பிட முடியாது. ஆனால் "ஓவர்டைம் சமம் 0-வா?" என்று இரட்டைச் சமக்குறி போட்டுக் கேட்டால் பிழை எதுவும் வராது. ஓவர்டைம் சுழியாகவே இருந்தாலும் "இல்லை" என்று அமைதியாகப் பதில் சொல்லும். பிழைச் செய்தி வருவதைவிட இது மோசம்.

வாரத்தின் ஆறு நாள் வேலையையும் கூட்ட, சம் என்ற கூட்டல் செயற்கூறைப் போட்டால் மறுபடி டைப்எரர், காரணம் அது 0-விலிருந்து கூட்டத் தொடங்குகிறது. இரண்டாவது உள்ளீடாக டைம்டெல்டா(0) கொடுங்கள்: சம்(வேலைகள், டைம்டெல்டா(0)).

வகுத்தலில்தான் டைம்டெல்டாவின் அழகு. கால அளவைக் கால அளவால் வகுக்கலாம்:

மணி = வேலை / டைம்டெல்டா(ஹவர்ஸ்=1)

எட்டரை மணி நேரத்துக்கு 8.5 கிடைக்கும். டோட்டல்_செகண்ட்ஸ்-ஐ 3600-ஆல் வகுப்பதும் அதே விடைதான். ஆனாலும் நான் இதையே பரிந்துரைப்பேன். எந்த அலகில் விடை வேண்டும் என்பது வரியிலேயே எழுதியிருக்கிறது. 3600-க்குப் பதில் 360 என்று யாராவது அடித்துவிட்டால் கண்ணில் படாது.

இரட்டைச் சாய்கோடு போட்டு வகுத்தால் முழு எண் வரும். பல கம்பெனிகளில் ஓவர்டைமைக் கால் மணிக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். அதற்கு:

கால்மணி = டைம்டெல்டா(மினிட்ஸ்=15)
சம்பளநேரம் = வேலை // கால்மணி * கால்மணி

8 மணி 52 நிமிடம் 8:45 ஆகிவிடும். இது கீழ்நோக்கி வெட்டுவது. அருகிலுள்ள கால் மணிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் வகுப்பதற்கு முன் ஏழரை நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். எந்த முறை என்பது நிரலாளர் முடிவு செய்ய வேண்டியதல்ல. தொழிலாளியின் கூலி அது, எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 5: எக்செல் கோப்பிலிருந்து வரும்போது

வருகைப் பதிவு பெரும்பாலும் எக்செல் கோப்பாகத்தான் கைக்கு வரும். எக்செல் கால அளவை ஒரு நாளின் பின்னமாக வைத்துக்கொள்கிறது. 12 மணி நேரம் என்றால் 0.5. எட்டரை மணி நேரம் என்பது 0.354166... என்று முடிவில்லாமல் போகும். அதை யாராவது பத்துத் தசம இடத்தில் வெட்டி 0.3541666666 என்று கோப்பில் சேமித்திருந்தால், டைம்டெல்டா(டேஸ்=0.3541666666) தருவது 8 மணி 29 நிமிடம் 59.999994 நொடி. கண்ணுக்குத் தெரியாத 6 மைக்ரோநொடிதான் குறைவு. ஆனால் இதன்மேல் மேலே சொன்ன கால் மணி வெட்டு விழுந்தால் 8:30 வேண்டிய இடத்தில் 8:15 வரும். கால் மணிக் கூலி போய்விட்டது!

ஆகவே வெளியிலிருந்து பின்னமாக வரும் கால அளவை முதலில் அருகிலுள்ள நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள் (30 நொடி கூட்டி, ஒரு நிமிடத்தால் முழு வகுத்தல், மறுபடி ஒரு நிமிடத்தால் பெருக்கல்). அதன் பிறகே கால் மணி விதி.

"26:15" என்று உரையாக வந்தால் வேறு தலைவலி. ஸ்ட்ரிப்டைம் கடிகார நேரத்தைப் படிப்பதற்கானது, 23-க்கு மேல் மணி இருந்தால் வேல்யூஎரர் தரும். முக்காற்புள்ளியில் பிரித்து, இரண்டு துண்டையும் முழு எண்ணாக்கி, ஹவர்ஸ், மினிட்ஸ் என்று டைம்டெல்டாவுக்கு நேரடியாகக் கொடுப்பதே போதும்.

படி 6: திரையில் காட்டுதல்

ஆறு நாள் எட்டரை மணி வீதம் 51 மணி நேரம். அதை அப்படியே அச்சிட்டால் பைத்தான் "2 டேஸ், 3:00:00" என்று எழுதும். சம்பளச் சீட்டில் இது உதவாது. டைம்டெல்டாவுக்கு வடிவமைப்புச் செயற்கூறு எதுவும் கிடையாது, நாமே செய்துகொள்ள வேண்டும் (டிவ்மாட் ஈவையும் மீதியையும் சேர்த்துத் தரும்):

நிமிடங்கள் = மொத்தம் // டைம்டெல்டா(மினிட்ஸ்=1)
மணி, நிமிடம் = டிவ்மாட்(நிமிடங்கள், 60)

பிறகு மாறிகளை உரைக்குள் பொருத்தும் எஃப்-ஸ்ட்ரிங்கில் நிமிடத்தை இரண்டு இலக்கமாக வைத்தால் 51:00 வந்துவிடும். குறை எண் வர வாய்ப்பிருந்தால் முதலில் ஆப்ஸ் போட்டுக் குறியை நீக்கி, மைனஸ் குறியைத் தனியே முன்னால் ஒட்டுங்கள். பைத்தானின் முழு வகுத்தல் கீழ்நோக்கியே போகும். மைனஸ் 90 நிமிடத்தை டிவ்மாட் செய்தால் −2 மணி, 30 நிமிடம் என்று வரும். மைனஸ் ஒன்றரை மணி "-2:30" என்று சீட்டில் அச்சாவதை யாரும் விரும்பமாட்டார்கள்.

படி 7: மாதமும் வருடமும் ஏன் இல்லை

டைம்டெல்டாவில் வாரம்வரை உண்டு, மாதம் கிடையாது. மாதத்துக்கு நிலையான நீளம் இல்லை என்பதுதான் காரணம். 30 நாள் என்று நாமே வைத்துக்கொண்டால் சீக்கிரம் தேதி விலகும். இந்த வேலைக்கு டேட்யூட்டில் தொகுப்பின் ரிலேட்டிவ்டெல்டா இருக்கிறது. 2024 ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 29 தரும். அந்த விடையோடு இன்னொரு மாதம் கூட்டினால் மார்ச் 29, ஆனால் ஜனவரி 31-உடன் நேரடியாக இரண்டு மாதம் கூட்டினால் மார்ச் 31. தவணைத் தேதிகளை எப்போதும் தொடக்கத் தேதியிலிருந்தே கணக்கிடுங்கள்.

படி 8: கொழும்பில் ஒரு ராத்திரி

இந்தியாவுக்குள் மட்டும் இயங்கும் நிரலுக்கு இந்தப் பகுதி தேவைப்படாது. நம் கடிகாரம் உலகப் பொது நேரமான யூடிசி-யைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால், வருடம் முழுக்க அதேதான். லண்டனிலோ கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றுவதால் 2024 மார்ச் 31-க்கு 23 மணி நேரம்தான், அக்டோபர் 27-க்கு 25 மணி நேரம்.

ஐரோப்பாவுக்குப் போகாமலே இதைப் பார்க்கலாம். இலங்கை 1996 மே மாதம் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி யூடிசி+6:30-க்குப் போனது. அதே ஆண்டு அக்டோபரில் +6 ஆக்கியது. 2006 ஏப்ரல் 15 அதிகாலை 12:30-க்குக் கடிகாரத்தை மறுபடி 12:00-க்குத் திருப்பி, பழையபடி +5:30-க்கு வந்தது. அந்த ராத்திரி ஒருவர் 10 மணிக்கு ஏறிக் காலை 6 மணிக்கு இறங்கியிருந்தால் கடிகாரப்படி 8 மணி நேரம், உடம்புக்கு எட்டரை மணி நேரம்.

பைத்தானில் செய்து பாருங்கள். நேர மண்டலங்களுக்கான ஜோன்இன்ஃபோ தொகுப்பு (3.9-இல் வந்தது) கொண்டு இரண்டு நேரத்துக்கும் "ஏசியா/கொலம்போ" மண்டலம் கொடுத்துக் கழித்தால் 8 மணி நேரம் என்றுதான் வரும். மண்டலம் தெரிந்த பிறகும் ஏன் இப்படி? இரண்டு பக்கமும் ஒரே மண்டலம் என்றால் பைத்தான் மண்டலத்தை மறந்துவிட்டு, சுவர்க் கடிகார நேரத்தை அப்படியே கழிக்கும். இது பிழையல்ல, ஆவணத்தில் எழுதியிருக்கிற நடத்தை. உண்மையில் கழிந்த நேரம் வேண்டுமென்றால் இரண்டையும் முதலில் யூடிசி-க்கு மாற்றுங்கள்:

கழிந்தது = வெளியேற்றம்.ஆஸ்டைம்ஜோன்(யூடிசி) - உள்நுழைவு.ஆஸ்டைம்ஜோன்(யூடிசி)

22:00 என்பது யூடிசி 16:00 ஆகும், காலை 6 என்பது 00:30 ஆகும். விடை எட்டரை. கூட்டலுக்கும் இதே விதி. "நாளைக்கு இதே நேரம்" என்றால் உள்ளூர் நேரத்தோடு டேஸ்=1 கூட்டுங்கள், "இன்னும் சரியாக 24 மணி நேரம் கழித்து" என்றால் யூடிசி-யில் கூட்டி உள்ளூர் நேரத்துக்குத் திருப்புங்கள்.

அந்த ராத்திரி 12:15 இரண்டு முறை வந்தது என்பதையும் கவனித்திருப்பீர்கள். எந்த 12:15 என்று சொல்ல டேட்டைமில் ஃபோல்டு என்ற பண்பு இருக்கிறது: முதல் முறைக்கு 0, இரண்டாம் முறைக்கு 1. விண்டோஸில் ஓட்டுபவர்கள் நேர மண்டலத் தரவுகள் அடங்கிய டிஇஸட்டேட்டா தொகுப்பைத் தனியே நிறுவ வேண்டியிருக்கும்.

படி 9: நிரல் ஓடும் நேரத்தை அளத்தல்

சம்பளக் கணக்கு எவ்வளவு நேரத்தில் முடிகிறது என்று அளக்க, இப்போதைய நேரத்தைத் தரும் டேட்டைம்.நவ் வேண்டாம். இடையில் கணினி தன் கடிகாரத்தை இணையத்தோடு ஒத்துப்பார்த்துத் திருத்திக்கொண்டால் குறை எண்கூட வரலாம். பின்னோக்கிப் போகாத மோனோடானிக், அல்லது சின்ன இடைவெளிகளுக்குப் பெர்ஃப்_கவுன்டர் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் நொடியில் மிதவை எண் தரும். டைம்.ஸ்லீப் கேட்பதும் நொடிதான், அதற்கு டைம்டெல்டாவைக் கொடுத்தால் ஏற்காது, டோட்டல்_செகண்ட்ஸ்() கொடுங்கள்.

வேறு மொழிக்குப் போகும்போது அலகு மாறும். ஜாவாஸ்கிரிப்டின் செட்டைம்அவுட் மில்லிநொடி கேட்கும். கோ மொழியில் ஸ்லீப்(5) என்று எழுதினால் மறுப்பில்லாமல் தொகுக்கப்பட்டு, 5 நானோநொடி மட்டும் தூங்கும்.

படி 10: சேமித்தல்

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இன்டர்வெல் என்ற வகை இருக்கிறது. அது மாதம், நாள், மைக்ரோநொடி மூன்றையும் தனித்தனியே வைத்துக்கொள்வதால் "1 மாதம்" என்பதையும் சேமிக்கும், அது டைம்டெல்டாவுக்குள் அடங்காது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் டைம் வகைக்கு உச்சவரம்பு 838:59:59. வார மொத்தத்துக்குப் போதும், வருட மொத்தத்துக்குப் போதாது. தரவைப் பரிமாறும் உரை வடிவமான ஜேசன் டைம்டெல்டாவை நேரடியாக ஏற்காது. என் விருப்பம் முழு எண்ணாக நொடி, புலத்தின் பெயரிலேயே அலகு: "வேலை_நொடி". வெறுமனே "வேலை" என்று பெயர் வைத்தால் அடுத்தவர் அதை நிமிடம் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

படி 11: சோதனை

நிரலை ஒப்படைக்கும் முன் இவற்றைக் கொடுத்துப் பாருங்கள். பகலில் ஏறிப் பகலில் இறங்கியவர். நள்ளிரவைத் தாண்டியவர். 26 மணி நேரம் உழைத்தவர். ஏறிய நேரத்துக்கு முன்பே இறங்கியதாகப் பதிவானவர் (இங்கே நிரல் கணக்குப் போடக் கூடாது, நின்று கேள்வி கேட்க வேண்டும்). எக்செல் பின்னமாக வந்த 0.3541666666.

கடைசியாக, இடைவேளையே எடுக்காதவர். டைம்டெல்டா(0) என்பது பைத்தானுக்குப் பொய் மதிப்பு, அதாவது இஃப் அதை "இல்லை" என்றே எடுத்துக்கொள்ளும். "இஃப் இடைவேளை" என்று எழுதியிருந்தால், சுழி இடைவேளையையும் பதிவே இல்லாத இடைவேளையையும் ஒன்றாகவே நடத்தும். பதிவு இல்லாதவருக்கு 45 நிமிடம் கழிக்கும் விதி இருந்தால், இடைவேளை எடுக்காமல் உழைத்தவருக்கும் அது கழிந்துவிடும். "இஃப் இடைவேளை இஸ் நாட் நன்" என்று எழுதுங்கள் (நன் என்பது மதிப்பே இல்லை என்பதற்கான பைத்தானின் குறி).